இடது முழங்காலின் ஏழு டிகிரி

அலுவலக அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. வாசலில் தலை தெரிந்தால் போதும், "யூனிட்டக்கா வந்தாச்சு, மீட்டர் பக்கத்துல இருக்கிற சைக்கிளை எடு" என்று வீட்டுக்குள் குரல் போகும். இருபத்தொரு வருடமாக மின்சார அலுவலகத்தில் மீட்டர் பார்க்கிற வேலை. தோளில் பை, கையில் அளவைப் பதிகிற சின்ன இயந்திரம், இடுப்பில் டார்ச். ஒரு நாளைக்கு நூற்று நாற்பது வீடு. மாடி, பின்கட்டு, கார் நிற்கும் கொட்டகை, ஒட்டடை பிடித்த படிக்கட்டடி என்று மீட்டர் எங்கே ஒளிந்திருந்தாலும் அவள் கால் வழி கேட்காமல் அங்கே போய் நிற்கும்.

வேலையில் அவளுக்கு ஒரே ஒரு தொல்லை. பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது கையைக் கட்டிக்கொண்டு அவளுக்காகவே காத்திருப்பார்கள்.

"உங்க மீட்டர் தப்பா ஓடுது. போன மாசம் நாங்க ஊர்லயே இல்ல."

அவள் பதறுவதும் இல்லை, பதிலுக்குக் கத்துவதும் இல்லை. "மீட்டருக்கு யார் மேலயும் கோபம் கிடையாதுங்க. நீங்கதான் மாறியிருப்பீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க" என்பாள். யோசித்துப் பார்த்தால், மச்சான் ஒருவர் வந்து ஏசி அறையை விட்டு நகராமல் பத்து நாள் தங்கிவிட்டுப் போயிருப்பார். கையைக் கட்டியவர் கையை அவிழ்த்துக்கொள்வார்.

கால்களைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நாற்பத்தெட்டு வயது. கூட வேலை பார்ப்பவர்கள் மேஜை இழுப்பறையில் வலித் தைலம் வைத்திருந்தார்கள். அவள் தன் இழுப்பறையில் மீட்டருக்கு முத்திரை கட்டும் கம்பியும் மாற்றுச் செருப்பும் வைத்திருந்தாள். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பதால் இரண்டு தெரு நடந்தாலே அவருக்கு மேல்மூச்சு வாங்கும். எங்கே போனாலும் அவள் பத்தடி முன்னால், அவர் பத்தடி பின்னால். திரும்பிப் பார்த்து, "வர்றீங்களா, இல்ல பஸ் பிடிச்சு வர்றீங்களா?" என்று கேட்பது அவளுக்கு வாடிக்கை.

மாதம் ஒரு முறை பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்துக்குப் போவாள். மீட்டர் அறைக்கு அடுத்த கதவு, நடைப் பயிற்சி கொடுக்கிற அறை. காலை உடைத்துக்கொண்டவர்கள், இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்டவர்கள் எல்லோரும் மறுபடி நடக்கக் கற்றுக்கொள்வது அங்கேதான். அதைக் கவனிப்பவருக்கு 'நடை டாக்டர்' என்று பெயர். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். அறைக்குள் ஷூ போடமாட்டார். இரண்டு வேறு நிறச் சாக்ஸோடு சத்தமில்லாமல் வந்து பின்னால் நிற்பார். பிள்ளைகள் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகு, இவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யக் கிளம்பியிருந்தார்.

அந்த மாதம் அவர் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'நாற்பது முதல் அறுபது வயது வரை, கால் வலி இல்லாத முப்பது பேர் தேவை. நடந்தால் போதும்.'

நடந்தால் போதும் என்று யாரும் அவளை இதுவரை ஒரு வேலைக்குக் கூப்பிட்டதில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். ஸ்டாண்டில் மாட்டிய இரண்டு செல்போன்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

"என்ன டாக்டர், சினிமா எடுக்கிறீங்களா?"

"நடையை எடுக்கிறேன்" என்றார் நடை டாக்டர். "முன்னெல்லாம் ஒருத்தர் நடக்கிறதை அளக்கணும்னா உடம்பு பூரா பளபளன்னு உருண்டை ஒட்டி, சுத்திப் பத்துப் பன்னிரண்டு கேமரா வைக்கணும். அவ்வளவுக்கு நாங்க எங்க போறது? இப்ப ரெண்டு போன் போதும். வீடியோவைப் பார்த்து இடுப்பு எங்க, முட்டி எங்க, கணுக்கால் எங்கன்னு கம்ப்யூட்டரே புள்ளி வெச்சு, முட்டி எவ்வளவு மடங்குதுன்னு சொல்லிடும்."

"சரியா சொல்லுமா?"

"அதைத்தான் நான் கண்டுபிடிக்கணும். ஒரே ஆளை இன்னைக்கு நடக்க வைக்கிறோம், அடுத்த வாரமும் நடக்க வைக்கிறோம். ரெண்டு தடவையும் ஒரே அளவு வந்தா நம்பலாம். முன்னே பின்னே வந்தா, இதை வெச்சு நோயாளிக்குக் கால் தேறிடுச்சா இல்லையான்னு எப்படிச் சொல்றது?"

"அதாவது, வாராவாரம் ஒரே மாதிரி நடக்கிற ஆள் வேணும்."

"ஆமாம்மா."

"என்னைப் பிடிச்சுக்கோங்க" என்றாள் யூனிட்டக்கா. கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு எண் பதினேழு.

முதல் நாள், சீருடைக் கால்சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனாள். அறை சின்னது. எட்டு மீட்டர் நேராக நடக்க இடம் போதாததால், டாக்டர் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக நீல டேப் ஒட்டிப் பாதை போட்டிருந்தார். பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். மூலையில் எலும்புகளைக் காட்டிப் பாடம் சொல்வதற்காக வைத்த பிளாஸ்டிக் எலும்புக்கூடு, இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டு எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தது.

"சாதாரணமா நடங்கம்மா. எப்பவும் நடக்கிற மாதிரி."

அவ்வளவுதான். எப்பவும் எப்படி நடக்கிறோம் என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. வலது கால் போகும்போது வலது கையும் கூடவே போயிற்று. பாதி வழியில் அதைத் திருத்தப் போக, ஒரு குதி குதித்துக் கால் மாற்றிக்கொண்டாள், அணிவகுப்பில் தப்பான அடி வைத்த போலீஸ்காரர் மாதிரி.

"பரவால்ல. முதல்ல எல்லாருக்கும் இப்படித்தான். நாலஞ்சு தடவை சும்மா நடங்க, அப்புறம் எடுத்துக்கலாம்."

நாலைந்து தடவைக்குப் பிறகு நடை அதன் போக்குக்கு வந்தது. எட்டு முறை எடுத்தார்கள். கணினித் திரையில் வண்ணக் கோடுகளால் ஆன குச்சி உருவம் ஒன்று விறுவிறுவென்று நடந்து போயிற்று. தன்னைக் குச்சியாகப் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. இத்தனை ஒல்லியாக அவள் கல்யாணப் போட்டோவில்கூட இல்லை.

அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் கதையே இல்லை. டாக்டர் எண்களைப் பார்த்துவிட்டு, வாய் சும்மா இருக்காமல் கேட்டார்:

"இடது கால்ல எப்பவாவது அடி பட்டிருக்காம்மா?"

"இல்லையே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. வலது முட்டி அறுபத்தோரு டிகிரி மடங்குது. இடது அம்பத்துநாலுதான். ஏழு டிகிரி குறைவு. லேசா... ரொம்ப லேசா இழுக்கிற மாதிரி இருக்கு."

"நான் நொண்டுறேன்னு சொல்றீங்களா?"

"சேச்சே. மெஷின் சொல்லுது."

* * *

வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்றாள். கணவர் சாய்வு நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தார். அவருடைய அக்கா, அதாவது யூனிட்டக்காவின் நாத்தனார், மாடிப் பகுதியில் தனியாகக் குடியிருந்தாலும் விழித்திருக்கும் நேரமெல்லாம் கீழேதான் இருப்பார். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தான் முன்பே கவனித்துவிட்டதாகச் சொல்வது அவர் சுபாவம்.

"என் நடையைப் பாருங்க" என்று சொல்லி, கூடத்தில் இப்படியும் அப்படியும் நடந்து காட்டினாள். "ஏதாவது தெரியுதா?"

கணவருக்கு இது புடவைக் கடைக் கேள்வி மாதிரி பட்டது. என்ன சொன்னாலும் மாட்டிக்கொள்வோம். "நல்லா இருக்கே" என்றார்.

"என்ன நல்லா இருக்கு?"

"எல்லாமே."

"இடது காலு இழுக்குதாம். ஆஸ்பத்திரியில மெஷின் சொல்லுது."

நாத்தனார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "உன் கல்யாணத்தன்னைக்கே பார்த்தேன். சொன்னா சண்டை வரும்னு விட்டுட்டேன்."

"இருபத்தஞ்சு வருஷமா விட்டுட்டீங்களா அண்ணி?"

"சண்டை வரும்னுதான் சொன்னேனே."

"நீங்களாவது சொல்லுங்க" என்று கணவரைப் பிடித்துக்கொண்டாள். "எப்பவும் எனக்குப் பின்னாலதானே வர்றீங்க. என் நடையை இந்த உலகத்துல அதிகமா பார்த்தது நீங்கதான். இழுக்குதா, இல்லையா?"

"பின்னால வரும்போது நான் என் மூச்சைத்தான் கவனிப்பேன்" என்றார் அவர். அது உண்மையும்கூட.

அந்த வாரம் யூனிட்டக்காவுக்குப் பிடித்தது சனி. இருபத்தொரு வருடம் தானாக நடந்த இடது கால், இப்போது ஒவ்வொரு அடிக்கும் அவள் உத்தரவுக்காகக் காத்து நின்றது. தெருவில் கடைக் கண்ணாடியைக் கண்டால் ஓரக்கண்ணால் முழங்காலைப் பார்ப்பாள். மடங்குவது போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் தூக்கி வைப்பாள். தூக்கி வைப்பது அதிகமாகி, காய்ந்து கிடக்கும் தெருவில் இல்லாத தண்ணீரைத் தாண்டிப் போகிறவள் மாதிரி ஆனாள். அவளைக் கண்டால் வாலை மட்டும் ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும் தெருமுனை நாய், எழுந்து நின்று குரைத்தது. யாரோ புது ஆள் என்று அதற்குத் தோன்றியிருக்கும். புதன்கிழமை தையல்கடைக்காரர், "என்னக்கா, கால்ல முள்ளா?" என்றார். வியாழக்கிழமை நூற்று நாற்பது வீட்டுக்கு நூற்றுப் பத்துதான் முடிந்தது. மேற்பார்வையாளர் வந்து, உடம்புக்கு முடியவில்லையென்றால் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றல் கேட்கலாமே என்று அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

ஒரு வாரம் கழித்து இரண்டாவது அளவெடுப்பு. இடது கால் இழுக்கவில்லை என்பதை நிரூபித்தே தீருவது என்று போனாள். எட்டு முறை நடந்தாள். டாக்டர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"வலது அறுபது. போன தடவை அறுபத்தொண்ணு. அது சரி. இடது..." அவர் குரல் இறங்கிவிட்டது. "அறுபத்தெட்டு."

"பார்த்தீங்களா, வலதைவிட ஜாஸ்தி."

"அதாம்மா பிரச்சினை. அம்பத்துநாலா இருந்த முட்டி ஒரு வாரத்துல எப்படி அறுபத்தெட்டாகும்? அஞ்சு டிகிரிக்குள்ள ஏறி இறங்கினா அது இந்த முறையோட இயல்பான தடுமாற்றம்னு விட்டுடலாம். பதினாலு டிகிரின்னா என் ஆராய்ச்சியை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான்."

"உங்க மெஷின்தான் தப்பு டாக்டர்."

"மெஷின் எப்படிம்மா தப்பாகும்? உங்களுக்கு முன்னாடி வந்தவங்களுக்கெல்லாம் ரெண்டு வாரமும் அச்சு அசலா ஒரே அளவு. மெஷினுக்கு உங்க மேல என்ன கோபம்? நீங்கதான் மாறியிருக்கீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க."

யூனிட்டக்காவுக்கு இந்த வசனத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று தெரிந்ததும் காது சூடாயிற்று. தன் கையைப் பார்த்தாள். இரண்டையும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். மெல்ல அவிழ்த்தாள்.

இந்த ஒரு விஷயத்தில் அவள் அந்தப் பத்தாவது வீட்டுக்காரர்களைவிட விவரமானவள். புகார் கொடுப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். புகாரை விசாரிப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும்.

"டாக்டர், நாம ரெண்டு பேரும் இப்படிப் பேசிக்கிட்டே இருந்தா நாளைக்கு வரைக்கும் பேசலாம். எங்க ஆபீஸ்ல மீட்டர் தப்புன்னு ஒருத்தர் எழுதிக் கொடுத்தா, அவர் வீட்டுல எல்லாத்தையும் அணைச்சுட்டு, எங்க ஹீட்டர் ஒண்ணை மட்டும் ஓட விடுவோம். ஆயிரம் வாட். ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட் காட்டணும். காட்டினா வீட்டுக்காரர் தப்பு, காட்டலைன்னா மீட்டர் தப்பு. ஹீட்டருக்கு யாரும் சொந்தக்காரங்க இல்ல, அது பொய் சொல்லாது."

"நடையில ஹீட்டருக்கு நான் எங்கம்மா போறது?"

"இவ்வளவுதான் மடங்கும், இதுக்கு மேல மடங்கவே மடங்காதுன்னு நிச்சயமா தெரிஞ்ச ஒரு முட்டி வேணும்."

டாக்டர் சாக்ஸ் வழுக்க வழுக்க அலமாரிக்கு ஓடினார். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு மாட்டும் பிரேஸ் ஒன்றை எடுத்து வந்தார். இரண்டு பக்கமும் கீல், கீலில் எண் போட்ட வட்டத் திருகு. நாற்பதில் வைத்துப் பூட்டினால் முழங்கால் நாற்பது டிகிரிக்கு மேல் மடங்காது, தலைகீழாக நின்றாலும்.

முதலில் வலது காலில் மாட்டிக்கொண்டு நடந்தாள். திரை சொன்னது: நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கழற்றி இடது காலில் மாட்டினார்கள். முப்பத்துநாலு. முப்பத்தைந்து. முப்பத்துநாலு.

"இன்னொரு தடவை நடங்கம்மா."

முப்பத்துநாலு.

"அப்ப இடது பக்க போன் குறைச்சுக் காட்டுது" என்றார் டாக்டர், தன் பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் புகார் கேட்டவர் மாதிரி. "ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதானே குறையுது? ரெண்டு வாரமும் ஒரே அளவு வருதே, அப்ப நம்பகமானதுதானேன்னு நான் நினைச்சுட்டேன்."

"எங்ககிட்ட இதுக்கு மெதுமீட்டர்னு பேரு" என்றாள் யூனிட்டக்கா. "ஒழுங்கா ஓடும். மாசாமாசம் ஒரே மாதிரி ஓடும். குறைச்சே காட்டும். இதுல ஒரு விசேஷம், மெதுமீட்டருக்கு ஒருத்தரும் புகார் கொடுக்க மாட்டாங்க. வருஷக்கணக்கா அப்படியே ஓடிக்கிட்டிருக்கும்."

டாக்டர் பழைய அளவுகளைத் திறந்தார். எண் ஒன்று முதல் பதினொன்று வரை இரண்டு வாரமும் வலதும் இடதும் ஏறக்குறைய சமம். பன்னிரண்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் இடது முழங்கால் ஆறு ஏழு டிகிரி குறைவு. அவர் முகம் சிவந்தது. மேஜை இழுப்பறையை மெல்லத் திறந்து, நேர்த்தியாகத் தட்டச்சு செய்த ஒரு பக்கத்தை எடுத்தார்.

"என்ன டாக்டர் அது?"

"இந்தப் பகுதி ஜனங்களுக்கு இடது முட்டி ஏன் பலவீனமா இருக்குன்னு ஒரு தனிக் கட்டுரை ஆரம்பிச்சிருந்தேன்" என்று சொல்லி, அதை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். "படியேறுற பழக்கம் காரணமா இருக்கலாம்னு எழுதியிருந்தேன்."

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? தரையில் மண்டியிட்டு அவர் இடது ஸ்டாண்டின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, துடைப்பக் கட்டையோடு பளிச்சண்ணன் உள்ளே வந்தார். அந்த அடித்தளம் முழுவதையும் துடைப்பவர். அவர் துடைத்த தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பதால் அந்தப் பெயர்.

"என்ன சார் தேடுறீங்க?"

"இந்த ஸ்டாண்டு வைக்கிற இடத்துக்கு நான் டேப்ல அடையாளம் ஒட்டியிருந்தேன். அது இப்படியா இருந்துச்சு?"

"இல்ல சார்" என்றார் பளிச்சண்ணன், தலையை நிமிர்த்தி. "கோணலா இருந்துச்சு. நான்தான் நேராக்கினேன்."

"நேராக்கினீங்களா?"

"தரைக்குப் பாலிஷ் போட்ட அன்னைக்கு எடுக்க வேண்டி வந்துச்சு. திரும்ப ஒட்டும்போது பார்த்தா டைல்ஸ் கோட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாம குறுக்கா நிக்குது. பெரிய டாக்டருங்க வந்து போற இடம், மனசு கேக்கல. டைல்ஸோட சேர்த்து நேரா ஒட்டிட்டேன். அந்தப் பக்கத்து அடையாளம் மேஜைக்குப் பின்னால இருந்துச்சு, கை எட்டல. இல்லேன்னா அதையும் சரி பண்ணியிருப்பேன்."

நடைபாதை குறுக்காகப் போவதால்தான் போனும் குறுக்காக, பாதைக்கு நேர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். பளிச்சண்ணன் கைபட்ட பிறகு அது டைல்ஸுக்கு நேராகவும் நடப்பவருக்குச் சாய்வாகவும் பார்த்துக்கொண்டிருந்தது. சாய்வாகப் பார்த்தால் மடங்கின முழங்கால் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரித்தான் தெரியும். டாக்டரோ, அடையாளத்தை நம்பி ஸ்டாண்டை வைத்துவிட்டு, அதற்குப் பிறகு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பளிச்சண்ணனைத் திட்டவில்லை. திட்டு வாய்வரை வந்திருக்கும், ஆனால் அந்த மனிதர் நின்ற நிலையில் அவ்வளவு பெருமை இருந்தது. "நல்லா நேராத்தான் ஒட்டியிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, தலையில் கை வைத்துக்கொள்ளாத குறையாக உட்கார்ந்தார்.

யூனிட்டக்காவுக்கு மனம் பஞ்சாக லேசாகியிருந்தது. "அப்ப என் கால் சரியாத்தான் இருந்துச்சு."

"முதல் வாரம் சரியா இருந்துச்சு" என்றார் டாக்டர். "இந்த வாரம் இல்ல."

"ஏன்?"

"குறைச்சுக் காட்டியே அறுபத்தெட்டுன்னா, நிஜத்துல எழுபத்தஞ்சுக்குக் கிட்ட. முதல் வாரம் மெஷின் தப்பு. இந்த வாரம் நீங்க தப்பு. வாய்க்கால் தாண்டுற மாதிரி நடக்கிறீங்கம்மா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். நியாயமான தீர்ப்புதான். ஆளுக்குப் பாதி.

"நீங்க மட்டும் வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் ஏன் தாண்டப் போறேன்?" என்றாள்.

"திறக்காம இருந்திருந்தா இந்த மெதுமீட்டர் கடைசி வரைக்கும் ஓடியிருக்கும்" என்றார் அவர். 

அடையாளத்தைப் பழையபடி குறுக்காக ஒட்டினார்கள். பளிச்சண்ணன் அந்த நேரம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் யூனிட்டக்காவின் நடை அடையாளத்தைப் போல உடனே பழையபடி திரும்பிவிடவில்லை. அடுத்த வாரம் வந்தாள், நடந்தாள். இடது கால் இன்னும் தண்ணீர் தாண்டியது. கவலைப்படாமல் நடங்கள் என்றார் டாக்டர். கவலைப்படாமல் இருப்பது எப்படி என்று கவலைப்பட்டு நடந்தாள், இன்னும் மோசமாயிற்று. வேறு எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். என்ன நினைப்பது என்று நின்று கேட்டாள்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "நீங்க எப்ப வேணா எடுத்துக்கோங்க, எனக்கு சம்மதம். எப்ப எடுக்கிறீங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் என் வேலையைப் பார்க்கிறேன்." மீட்டர் அறையின் பெட்டியிலுள்ள பழைய மீட்டர்களில் நாலைக் கொண்டுவந்து பாதையின் இரண்டு கோடியிலும் இரண்டிரண்டாக வைத்தார்கள். பையை மாட்டிக்கொண்டு, இயந்திரத்தைக் கையில் பிடித்து, இந்தக் கோடி மீட்டரைப் படித்து அந்தக் கோடிக்குப் போய்ப் பதிந்து, அந்தக் கோடியைப் படித்து இந்தக் கோடிக்கு வந்தாள். மூன்றாவது மீட்டரின் கண்ணாடி மங்கலாக இருந்ததில் அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. எண் ஏழா ஒன்றா என்று குனிந்து பார்த்து, "இதையெல்லாம் மாத்தச் சொல்லி எத்தனை தடவை எழுதிக் கொடுத்தாச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே விறுவிறுவென்று திரும்பினாள்.

"போதும்மா" என்றார் டாக்டர்.

"எப்ப எடுத்தீங்க?"

"திட்டிக்கிட்டே போனீங்களே, அப்ப. இடது அறுபது, வலது அறுபத்தொண்ணு."

ஒரு வாரம் விட்டு மறுபடி அதே மாதிரி திட்டிக்கொண்டே நடந்தாள். இடது அறுபத்தொன்று, வலது அறுபது.

பன்னிரண்டாம் எண்ணிலிருந்து இருபத்துநாலு வரை, அவளைத் தவிர மற்றப் பன்னிரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. வர மறுத்த நாலு பேர் யூனிட்டக்காவின் தடத்தில் இருந்தவர்கள். அந்த மாதம் மீட்டர் பார்க்கப் போனபோது, "ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய் நடந்துட்டு வந்துடுங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் இந்தப் படியில உட்கார்ந்திருக்கேன்" என்றாள். நாலு பேரும் போனார்கள். அளவெடுப்புக்கு முன்னால் தினமும் பிரேஸை நாற்பதில் பூட்டி யாராவது ஒருவர் நடந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் விதி வைத்தார். அந்த யாராவது ஒருவர் பளிச்சண்ணன். அவர் அதை உத்தியோகமாக எடுத்துக்கொண்டு, ஷூவோடு வருகிற பெரிய டாக்டர்களையும் வாசலிலேயே நிறுத்தினார்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது நாத்தனார் மட்டும் அசையவில்லை. "கல்யாணத்தன்னைக்கு நான் பார்த்தது பார்த்ததுதான். என் கண்ணு மெஷின் இல்ல. அந்த மெஷினை நான் ஒரு தடவை பார்க்கணும்" என்றார்.

அவர் வயது அறுபத்தைந்து, ஆராய்ச்சிக்குச் சேராது. சும்மா நடந்து பார்க்கட்டும் என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். இறுக்கமான கால்சட்டை போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். நாத்தனார் தரை வரைக்கும் தொங்கும் தொளதொளவென்ற நீளச் சாம்பல் நிற அங்கியில் வந்தார். "என் முட்டியைக் கண்டுபிடிக்க வேண்டியது அதோட வேலை. காட்டிக்கொடுக்கிறது என் வேலை இல்ல."

நடந்தார். திரையில் குச்சி உருவம் வரவில்லை. இரண்டாவது முறை நடந்தார். வரவில்லை. மூன்றாவது முறை வந்தது. ஆனால் நாத்தனார் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி நின்ற பிறகும், குச்சி உருவம் இருந்த இடத்திலேயே கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது.

டாக்டர் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார். யூனிட்டக்காவும் பார்த்தாள். அங்கிக்குள் ஆள் இருப்பது பிடிபடாமல், கணினி தேடித் தேடி, மூலையிலிருந்த எலும்புக்கூட்டுக்குப் புள்ளி வைத்திருந்தது. இரண்டு முழங்காலும் பூஜ்யம் டிகிரி. வேகம் பூஜ்யம்.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார் நாத்தனார்.

"உங்களை ரொம்ப... ஒல்லியா காட்டுதும்மா" என்றார் டாக்டர்.

"ரெண்டு காலும்?"

"ரெண்டும் சமமா இருக்கு."

நாத்தனார் திருப்தியாகத் தலையாட்டினார்.

அடுத்த வருடம் டாக்டருக்குப் பட்டம் கிடைத்தது. முப்பது பேரின் அளவுகளும் வாரத்துக்கு வாரம் நன்றாகவே ஒத்துப்போயின. ஐந்து டிகிரிக்கு மேல் மாறினால்தான் மாற்றம் என்று நம்பலாம் என்று எழுதி முடித்திருந்தார். ஒரு பிரதியை யூனிட்டக்காவிடம் கொடுத்தனுப்பினார். மதியம் அவள் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, கூடத்தில் கணவர் அதைப் புரட்டி வாசித்தார். அளவு தெரிந்த முழங்காலை வைத்து மெஷினைச் சரிபார்ப்பது பற்றி ஒரு பிரிவு, அதில் 'பதினேழாம் எண் பங்கேற்பாளரின் ஆலோசனைப்படி' என்று ஒரு சொற்றொடர். எண்பது தடவைக்கு மேல் நடந்ததற்கு அவ்வளவுதான்.

"இதோ, கடைசியில குறைபாடுகள்னு ஒரு பக்கம் இருக்கு" என்றார் கணவர். "'மிகவும் தளர்வான ஆடை அணிந்த ஒரு மூத்த பெண்மணியை இம்முறையால் அடையாளம் காண இயலவில்லை.'"

"எங்க, காட்டு" என்று நாத்தனார் புத்தகத்தைப் பிடுங்கினார். கண்ணாடியை ஏற்றி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்து, அதற்கு மட்டும் அடிக்கோடு போட்டார்.

"முழு வரி" என்றார் தம்பி மனைவியிடம். "உனக்குப் பாதி வரிதான் கொடுத்திருக்கார்."

அன்றைக்கு வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது. நாத்தனார் அதை யாருக்கோ படித்துக் காட்டுவதை யூனிட்டக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நூற்று நாற்பது வீட்டில் இன்னும் முப்பது பாக்கி.